மவுஸ் யார் கையில்? தொழினுட்ப நெறி பற்றி இளம் ஆசிரியை ஒருவருக்கு எழுதிய பதில்

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில் உள்ள துணுக்காய்க் கல்வி வலயத்தைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், ஆளணிப் பற்றாக்குறையால் வரலாறு, தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆகிய இரு பாடங்களையும் தரம் 9, 10 மாணவர்களுக்குக் கற்பித்து வருபவர், இவ்வாறு கேட்டிருந்தார்: “எங்கள் கணினிக் கூடத்தில் உள்ள பன்னிரண்டு கணினிகளில் ஏழுதான் இயங்குகின்றன. மாணவர்கள் கைத்தொலைபேசி கொண்டுவருவதற்கு அதிபர் தடை விதித்திருக்கிறார். ஆனால் வீட்டில் அம்மாவின் தொலைபேசியில் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஒப்படைகளைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். தொழினுட்பத்தை நேர்மையாகவும் பயன்படும் விதத்திலும் கையாள இவர்களுக்குக் கற்பிப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது?”

வன்னிப் பாடசாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து, பின்னர் ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற வகையில் இதற்கு விடை எழுதுகிறேன். இந்தக் கேள்விக்குச் செயலமர்வுகளில் வழக்கமாகக் கிடைக்கும் விடை, ‘இணையத்தில் செய்யத் தகாதவை’ என்ற தலைப்பில் பத்துப் பன்னிரண்டு பட வில்லைகள். அத்தகைய வில்லைகளை நானே எத்தனையோ தடவை காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் அவற்றைக் கொப்பியில் அழகாக எழுதிக்கொள்வார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போய் அவற்றுள் ஐந்தையாவது செய்வார்கள். நெறியைத் தனிப் பாடவேளையாக வைத்தால் அது பரீட்சைக்கு மனனம் செய்யும் இன்னொரு பாடமாகிவிடுகிறது. கணினியிலோ தொலைபேசியிலோ செய்யும் ஒவ்வொரு வேலைக்குள்ளும் “இது யாருடையது, அவரைக் கேட்டாயா?” என்ற கேள்வி கிடக்கிறது. அது பிள்ளையின் மனத்தில் தானாக எழும் வகையில் வேலையைக் கொடுக்க வேண்டும் என்பதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன்.

உங்கள் கூடத்தில் அந்தக் கேள்வி முதலில் எழும் இடம் மவுஸ். முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஏழு கணினிகள் என்றால் ஒவ்வொன்றையும் சுற்றி ஐவர் நிற்பார்கள். ஒரு பாடவேளை முழுவதும் எதுவும் பேசாமல் கதவருகே நின்று, மவுஸ் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். நான் பார்த்த அநேக வகுப்புகளில், வீட்டில் கணினி உள்ள ஒரு பையனின் கையிலேயே அது நாற்பது நிமிடமும் இருந்தது. பெண்பிள்ளைகள் இருவர் அவனுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்ற பிள்ளை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. தவணை முடிவில் ஐவருக்கும் செயன்முறைப் புள்ளி சமமாகப் போடப்பட்டது. பொதுப் பொருளை முந்திக்கொண்டவன் வைத்திருக்கலாம் என்பதை அந்த நாற்பது நிமிடத்தில் நாங்கள்தான் கற்பித்துவிடுகிறோம்.

ஆகவே வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தாளில் செய்யும் வேலையைக் கொடுத்துவிட்டு, கணினிக்கு இருவரை அல்லது மூவரை மாத்திரம் இருத்துங்கள். ஒருவர் மவுஸையும் விசைப்பலகையையும் கையாளட்டும். இன்னொருவர் செய்ய வேண்டியதை வாயால் சொல்லட்டும். அவர் கை வைக்கக் கூடாது. மூன்றாமவர் நடந்த படிகளைக் கொப்பியில் எழுதட்டும். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தட்டி இடத்தை மாற்றுங்கள். சொல்லும் பிள்ளைதான் அதிகம் கற்கிறது என்பதை இரண்டாவது கிழமையிலேயே காண்பீர்கள். ஏனெனில் ‘அதை அமத்து’ என்றால் மற்றவருக்கு விளங்காது, எதை, எந்த மூலையில் உள்ளதை என்று சொல்லியாக வேண்டும். இயங்காத ஐந்து கணினிகளையும் துணியால் மூடி வைக்க வேண்டாம். பொருட்பதிவேட்டில் உள்ளவை என்பதால் அதிபரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, மூத்த மாணவர்களோடு அமர்ந்து கழற்றிப் பாருங்கள். ஐந்து செத்த கணினிகளிலிருந்து உயிருள்ள ஒன்றைச் செய்துவிட முடிவது அவ்வளவு அபூர்வம் அல்ல. வயரை எலி வெட்டியதுதான் நோய் என்று தெரியவந்த கூடங்களும் உண்டு.

இணைய இணைப்புத் தளம்புவதை எண்ணி மனம் தளர வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தருகிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவத் தளத்திலும் தமிழ்மொழிப் பாடங்கள் உள்ளன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் என்னும் மென்பொருள் மூலம் ஒரு பென் டிரைவில் இறக்கிக் கொண்டுவந்து, இணையமே இல்லாமல் ஏழு கணினிகளிலும் வாசிக்கச் செய்யலாம். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ அலுவலாகப் போகும் நாளில் இவற்றைப் பதிவிறக்கிவிடுங்கள். அதே பயணத்தில் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஒபிசையும் கொண்டுவந்து, கூடத்தில் உள்ள ‘கிராக்’ செய்த மென்பொருள்களை அகற்றிவிடுவது நல்லது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பற்றிப் பத்தாம் வகுப்பில் நீங்கள் பேசும்போது, பின்வாங்கில் இருப்பவன் திரையின் மூலையில் தெரியும் ‘உரிமம் இல்லை’ என்ற அறிவித்தலை வாசித்துக்கொண்டிருப்பான். இன்னொரு சிறிய விடயம்: பாமினி எழுத்துருவில் குறிப்புத் தயாரிக்கும் பழக்கத்தை எங்கள் தலைமுறையோடு விட்டுவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. யுனிகோட்டில் தட்டச்சிடப் பழகிய பிள்ளை எழுதியதை வேறு யாரும் எங்கிருந்தும் வாசிக்கலாம்.

வீட்டுத் தொலைபேசி அம்மாவுடையது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இதை நாங்கள் 2020இல் மறந்துபோனோம். கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அவசரத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் வட்ஸ்அப் குழு அமைத்து, தாய்மாரின் இலக்கங்களை எல்லாம் அதில் சேர்த்தோம். நாற்பது குடும்பங்களின் இலக்கங்கள் நாற்பது குடும்பங்களுக்கும், அவ்வீடுகளுக்கு வந்துபோவோருக்கும் தெரியவந்தன. கணவரின்றிப் பிள்ளைகளோடு தனியே வாழும் தாய்மார் எங்கள் பகுதியில் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு முகம் தெரியாத ஒருவர் அழைக்கிறார் என்று ஒரு தாய் வந்து சொன்னபோதுதான் நான் செய்த பிழை எனக்கு உறைத்தது. இப்போது குழுவுக்குப் பதிலாகப் புரோட்காஸ்ட் பட்டியல் வைக்குமாறு சொல்கிறேன். உங்கள் இலக்கத்தைப் பெற்றோர் சேமித்து வைத்திருந்தால் செய்தி தனித்தனியே போய்ச் சேரும்; ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. மாணவர்களுக்கும் இதையே ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம்: அம்மாவின் தொலைபேசியில் தாங்கள் நிறுவிய செயலிகளில் எவை தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி பெற்றிருக்கின்றன என்று அம்மாவோடு அமர்ந்து பார்த்து எழுதி வர வேண்டும். ரீலோட் யார் பணத்தில் போடப்படுகிறது என்பதும் அந்த உரையாடலில் தானாக வந்துவிடும்.

எல்லாவற்றிலும் கனமான பாடம் படங்களைப் பற்றியது. 2019இல் ஒரு பாடசாலையில் தரம் 10 வகுப்பைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அன்று இணையம் நன்றாக வேலை செய்தது. தேடலைப் பழக்குவதற்காக ஆசிரியர், பாடசாலையின் பெயரை இட்டுப் படங்களைத் தேடச் சொன்னார். இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பிள்ளை சட்டென்று திரையை உள்ளங்கையால் மறைத்தது. 2012இல், மூன்றாம் வகுப்பில் படித்தபோது, வெளிநாட்டு உறவுகளின் உதவியில் வழங்கப்பட்ட புத்தகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பிள்ளை நிற்கும் படம் அது. பையில் நன்கொடையாளரின் பெயர் பெரிதாக இருந்தது. கீழே ‘யுத்தத்தில் தந்தையை இழந்த மாணவி’ என்று, பிள்ளையின் முழுப்பெயரோடும் ஊரோடும் எழுதப்பட்டிருந்தது. பை எப்போதோ கிழிந்து போயிருக்கும். அந்தப் படம் மாத்திரம் ஏழு வருடங்களாக அங்கேயே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அதற்குள் வாசித்துவிட்டார்கள்.

கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. மீள்குடியேறிய காலத்தில் அந்தப் பைகளும் துவிச்சக்கர வண்டிகளும் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் பாடசாலைக்கு வந்திருக்க மாட்டார்கள். அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்ததற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்ததும் நியாயமே. ஆனால் பொருளும் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டும் அதற்குப் போதும். படம் வேண்டுமென்றால் பைகளை அடுக்கி வைத்து எடுக்கலாம், அல்லது பிள்ளைகளைப் பின்பக்கமிருந்து எடுக்கலாம். நான் இப்போது இதை ஒரு வகுப்பு வேலையாகவே கொடுக்கச் சொல்கிறேன். பாடசாலையில் அடுத்த நிகழ்வு வரும்போது மாணவர் குழு ஒன்றிடம் படமெடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். எடுக்கும் முன் கேட்க வேண்டும். எடுத்த பின் காட்ட வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொன்னவரின் படத்தை அவர் கண்முன்னேயே அழிக்க வேண்டும். தலைப்பில் பெயர், தரம், குடும்ப நிலை எதுவும் சேரக் கூடாது. இந்த வேலையைச் செய்த குழுக்களில் நான் கவனித்தது என்னவென்றால், ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையாகக் கொள்கிறது என்பதை அதிபரின் காதிலும் போட்டு வையுங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் எல்லாப் பிள்ளைகளின் சுட்டெண்களோடும் புள்ளிகளோடும் பட்டியலைப் படமெடுத்து முகநூலில் இடும் வழக்கத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். பத்து வயதில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றதை ஊருக்கு அறிவிக்க யாரும் அந்தப் பிள்ளையிடம் அனுமதி கேட்கவில்லை.

பொய்ச் செய்தியைப் பற்றிப் பேசுவதற்குக் கார்த்திகை, மார்கழி மாதங்களை விட நல்ல காலம் வன்னியில் இல்லை. மழை பிடித்து மூன்றாம் நாள் ‘இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் அனைத்தும் திறக்கப்பட்டுவிட்டன, உடனே வெளியேறவும்’ என்ற செய்தி ஒரு படத்தோடு வரும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் உண்மையாகவே வந்தது. கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கத்தவர்கள் அந்த இரவை மறந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்தச் செய்தியைச் சிரித்துவிட்டு விடவும் முடியாது, அப்படியே அனுப்பவும் முடியாது. படத்தைக் கூகுள் லென்ஸில் இட்டால், அது முன்பே வேறொரு செய்தியில் வந்திருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். செய்தியில் திகதி இருக்கிறதா, நேரம் இருக்கிறதா, யார் சொன்னதாக இருக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு வகுப்பின் முன்னாலேயே நீங்கள் அழைத்துக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை, வீட்டில் மாமா அனுப்பிய செய்தியைப் பற்றியும் கேட்கும். மாமாவை மரியாதையாகத் திருத்துவது எப்படி என்பது வேறு பாடம். அதற்கு என்னிடம் வழி இல்லை.

இனிச் செயற்கை நுண்ணறிவு. ஓர் ஆசிரியர் என்னிடம் காட்டிய ஒப்படையை முதலில் சொல்கிறேன். தலைப்பு ‘வன்னியின் இயற்கை வளங்கள்’. முதற் பந்தியில் குளங்களும் காடுகளும் ஒழுங்காக வந்தன. இரண்டாம் பந்தியில் வன்னி வறண்ட மணற்பாங்கான நிலத்திலும் வளரும் என்றும், அதன் காய்களை ஒட்டகங்கள் விரும்பி உண்ணும் என்றும், ராஜஸ்தானின் மாநில மரம் அதுவே என்றும் இருந்தது. இயந்திரம் வன்னி மரத்தையும் வன்னி நிலத்தையும் ஒன்றாக்கிவிட்டது. மாணவன் மல்லாவியில் பிறந்து வளர்ந்தவன். வாழ்நாளில் ஊரில் ஓர் ஒட்டகத்தைக் கண்டதில்லை. ஆயினும் அழகிய கையெழுத்தில் அப்படியே பிரதி பண்ணியிருந்தான். ஆசிரியர் பூச்சியம் போடப் போனார். நான் அவரைத் தடுத்து, அந்தப் பந்தியைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பாலை, வீரை, முதிரை என்று தங்கள் காட்டு மரங்களின் பெயர்களைச் சொன்னார்கள். இயந்திரத்துக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரியும் என்பதை அந்த மாணவனும் அன்றுதான் உணர்ந்திருப்பான்.

உங்களுக்கு வரலாறும் கையில் இருப்பதால் இன்னும் ஒரு படி போகலாம். ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கற்சிலைமடுவில் உள்ள நினைவுக்கல்லில், ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க், வன்னியை ஆண்ட சிற்றரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தது 1803 ஒக்டோபர் 31 என்று ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் நினைவுகூரப்படுவதோ ஓகஸ்ட் 25. பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய நாள் அது என்பர். ‘பண்டாரவன்னியன் எப்போது இறந்தான்?’ என்று செயற்கை நுண்ணறிவிடம் மூன்று வேறு நாட்களில் கேட்டு, மூன்று விடைகளையும் மாணவர்கள் கொப்பியில் எழுதட்டும். பின்னர் கல்லில் உள்ள வாசகத்தைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘தோற்கடித்தார்’ என்பதும் ‘கொன்றார்’ என்பதும் ஒன்றா, அந்த வாசகம் எந்தத் தரப்பின் பார்வையில் எழுதப்பட்டது, வன்னித் தரப்பு ஒரு கல் நாட்டியிருந்தால் எந்த நாளைப் பொறித்திருக்கும் என்று கேளுங்கள். இயந்திரத்தின் விடையில் கல் இல்லை, நாட்டியவர் இல்லை, நம்பிக்கையான குரல் மாத்திரம் இருக்கிறது என்பதை யாரும் சொல்லாமலே பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். எங்கள் பகுதியைப் பற்றி இணையத்தில் தமிழில் உள்ள எழுத்து மிகக் குறைவு. அதனால் எங்களைப் பற்றிக் கேட்கும்போதே இயந்திரம் கூடுதலாகத் தடுமாறுகிறது.

ஒப்படைகளில் அதைத் தடை செய்ய முயல்வது வீண். நீங்கள் காணாத இடத்தில் நடக்கும். செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளை நம்பி எந்தப் பிள்ளையையும் கள்ளன் ஆக்க வேண்டாம். ஆங்கிலத்திலேயே அவை பிழைவிடுகின்றன. அதற்குப் பதிலாக, ஒப்படையின் கடைசியில் மூன்று வரிகள் கேளுங்கள்: எதைக் கேட்டேன், என்ன சொன்னது, அதில் எதை ஏன் மாற்றினேன். அந்த மூன்று வரிகளுக்குப் புள்ளி ஒதுக்குங்கள். பின்னர் ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். முப்பத்தைந்து பேருக்கு இரண்டு பாடவேளை போதும். தலைப்பையும் இணையத்தில் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டுக் கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது, சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடுவதை உங்கள் குளத்தின் கமக்காரர் அமைப்பு எப்படித் தீர்மானிக்கிறது என்று கேட்டால், பிள்ளை கயிற்றை அளக்க வேண்டும், அல்லது தலைவரிடம் போய்க் கேட்க வேண்டும். சேர்த்த எண்களை அட்டவணைச் செயலியில் இட்டு வரைபாக்கும்போதுதான் கணினி அந்த வேலைக்குள் வருகிறது. வயதையும் கவனத்தில் கொள்ளுங்கள்: வகுப்பறையில் இக்கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும் என்று 2023இல் வெளிவந்த யுனெஸ்கோ வழிகாட்டல் சொல்கிறது. உங்கள் மாணவர்கள் அதைத் தாண்டியவர்களே. ஆனாலும் பெற்றோருக்குத் தெரியாமல் கணக்குத் திறக்கச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளின் பெயர்களையும் புள்ளிகளையும் அதில் இட்டு அறிக்கை எழுதுவிக்கும் ஆசிரியராக நீங்களும் இருக்க வேண்டாம்.

ஒரு பிள்ளையின் படத்தை யாராவது மாற்றி அனுப்பிவிட்டார்கள், அல்லது அதைக் காட்டி மிரட்டுகிறார்கள் என்று உங்களிடம் முறைப்பாடு வந்தால், அதை நெறிப் பாடமாக்க வேண்டாம். ‘ஏன் படம் அனுப்பினாய்’ என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். படத்தை உங்கள் தொலைபேசிக்கு எடுக்கவோ ஏனைய ஆசிரியர்களுக்குக் காட்டவோ வேண்டாம். எங்கே, எந்தக் கணக்கில், எப்போது என்பதை மாத்திரம் குறித்துக்கொண்டு, பிள்ளை நம்பும் ஒரு பெரியவரோடு சேர்ந்து சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த இலக்கம் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எப்போதும் இருக்கட்டும். வாசிப்பதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியிராத இடத்தில்.

அதிபரின் தடையோடு மோதவும் வேண்டாம். அது பெரும்பாலும் பொறுப்பு யாருடையது என்ற பயத்தால் வருவது. தொலைபேசி உடைந்தாலும் களவு போனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. முதல் தவணையில் உங்களுடைய தொலைபேசி ஒன்றே போதும். இரண்டாம் தவணையில், கிணற்று அளவீடு போன்ற ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில், குழுவுக்கு ஒரு தொலைபேசி என்று எழுத்தில் அனுமதி கேளுங்கள். அன்று வகுப்பில் தொலைபேசிகளைச் சேர்த்து வைக்கும் பெட்டியில் உங்கள் தொலைபேசியும் இருக்கட்டும். பெற்றோருக்கான கடிதத்தில் தொலைபேசியின் சொந்தக்காரரான தாயின் கையொப்பத்துக்கு ஒரு கோடு விடுவீர்கள். அதற்குக் கீழே பிள்ளையின் கையொப்பத்துக்கும் ஒரு கோடு விடுங்கள்.